பத்தாயப்புரைச் சுவரில் எழுதிய முகங்கள்

எலப்புள்ளி,
12-7-1957

சௌபாக்கியவதி கமலவேணிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். என் இடது முழங்காலைத் தவிர இங்கே மற்ற எல்லாம் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, குழந்தை கதிர்வேல் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்பதைப் போன தடவை மாதிரி 'அனைவரும் சௌக்கியம்' என்று ஒரே வரியில் சுருட்டி வைக்காமல் ஆளுக்கு இரண்டு வரியாவது எழுது. சௌக்கியம் என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். மாப்பிள்ளையின் வயிற்று வலி குறைந்ததா, குழந்தைக்குக் கடைவாய்ப்பல் முளைத்ததா, நீ நேரத்தோடு சாப்பிடுகிறாயா, இவைதான் எனக்குத் தெரிய வேண்டும். ஜாம்ஷெட்பூர் வெயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய், வெயிலை நான் இங்கேயே பார்த்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உடம்பு அல்ல, மனது. மனம் தெளிந்த பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும் என்று கோயமுத்தூர் கான்வென்டில் மதர் சொல்லிக் கொடுத்ததை இத்தனை வருஷமும் தவறாமல் கடைப்பிடித்தேன். இந்தத் தடவை தெளியக் காத்திருந்தால் ஆடி பிறந்து ஆவணியும் வந்துவிடும் போலிருக்கிறது, ஆகவே கலங்கியபடியே எழுதுகிறேன். முதலில் வீட்டுச் சமாச்சாரம். சிவப்பி கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. நம் காரியஸ்தர் பொங்கியண்ணனுக்கு வலது காது சுத்தமாகக் கேட்கவில்லை. அந்த வேலைக்கு அது சௌகரியம்தான் என்று அவரே சிரிக்கிறார், கூலி கூட்டிக் கேட்பவர்களை அந்தக் காதுப் பக்கம் நிற்க வைத்துக்கொள்கிறாராம். நவம்பரிலிருந்து நாம் கேரளம் ஆகிவிட்டோம் அல்லவா, பாலக்காட்டிலிருந்து வரும் சர்க்கார் காகிதம் முழுவதும் மலையாளத்தில் வருகிறது. எனக்கு அந்தப் பாஷை பேச வரும், வாசிக்க வராது. இந்த வயதில் எழுத்துக் கூட்டுவது மானக்கேடு என்பதால் பாலத்தடி மளிகைக் கடைப் பரீதைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். அவர் நல்லவர், ஆனால் வாசிக்கும்போது நடுவில் தன் அபிப்பிராயத்தையும் சேர்த்து வாசிக்கிறார். எது சர்க்கார் சொன்னது, எது பரீது சொன்னது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிடுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோடையில் வாந்திபேதி வந்ததை எழுதியிருந்தேன், எத்தனை பேர் போனார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை, நீ பயந்துகொள்வாய் என்று. வாய்க்காலுக்கு இந்தக் கரையில் நம் தமிழ்த் தெருவிலும் அந்தக் கரையில் மலையாளத் தெருவிலுமாகச் சேர்த்துப் பதினொரு பேர். அதில் நம் வயலில் களை எடுக்கும் ராமாத்தாளின் மகள் வேலாத்தாள் ஒருத்தி, ஏழு வயதுக் குழந்தை, காலையில் விழுந்தவள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். பரீதின் தங்கை கௌலத்தும் போனாள். கௌலத்தைப் பள்ளிவாசல்காரர்கள் தங்கள் முறைப்படி எடுத்துப் போனார்கள். மற்றவர்களை, நோய் பரவக்கூடாது என்று, ஊருக்கு வெளியே ஒரே குழியில் இறக்கிச் சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். பெற்றவர்களைக்கூடக் கிட்டே விடவில்லை. அதுதான் சரியான முறை என்று எனக்குத் தெரியும், நானே பொங்கியண்ணனிடம் அப்படித்தான் சொன்னேன். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று நெல் வைக்கும் நம் பத்தாயப்புரை வாசலில் இரண்டு அண்டா வெந்நீர் போட்டு வைத்தேன். வந்தவர்கள் மரியாதைக்கு வாங்கிக்கொண்டு போய்க் கால் கழுவினார்கள்.

நோய் போன பிறகு வந்ததுதான் பெரிய நோய். வண்டிப்பெரியார் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போய்ச் சித்திரைக்குத் திரும்பி வந்த நம் தெரு ஆட்கள்தான் நோயை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று அந்தக் கரை சொன்னது. மேல்மடையில் அவர்கள் பாய் படுக்கையை அலசியதுதான் காரணம் என்று இந்தக் கரை சொன்னது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாஷை சொல்லித் தருவது என்று முன்பே முறைத்துக்கொண்டிருந்தவர்கள்தானே, உங்கள் ராஜ்யம் எங்கள் ராஜ்யம் என்று அதையும் இதில் கலந்துவிட்டார்கள். ஒரு நாள் விடிந்து பார்த்தால் வாய்க்காலின் மேல் போட்டிருந்த தென்னைமரப் பாலத்தைக் காணோம். யார் உருவினார்கள் என்று இரண்டு கரையிலும் வாய் திறக்கவில்லை. உனக்குத் தெரியும், நம் வயலை உழுவது இந்தக் கரை ஆண்கள், நாற்று நடுவது அந்தக் கரைப் பெண்கள். பாலம் இல்லாமல் ஒரு முடி நாற்றுக்கூட வயலில் இறங்காது.

அப்போதுதான் பரீது வந்தார். வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு வரச் சோம்பல் பட்டு அந்தக் கரையார் கடைக்கு வருவதில்லை, புளியில் பூஞ்சை பிடிக்கிறது என்று ஆரம்பித்தார். அந்தக் கரையார் பகவதிக்குக் களம் எழுத வேண்டும் என்கிறார்கள், இந்தக் கரையார் மாரியம்மனை எழுதி வைக்க வேண்டும் என்கிறார்கள், இரண்டு பேரும் பயப்படுவது ஒரே அம்மாவுக்குத்தானே, உங்கள் பத்தாயப்புரைச் சுவர் பாலத்தைப் பார்த்துக்கொண்டு வெறுமனே நிற்கிறது, அதில் சேர்ந்து எழுதட்டும் என்றார். களம் என்றால் என்ன என்று கதிர்வேல் கேட்டால் சொல்லு: அரிசிமாவு, மஞ்சள், உமிக்கரி, இலைப்பொடி இவற்றைத் தரையில் தூவிப் பகவதியின் உருவத்தை எழுதி, பாட்டுப் பாடி, முடிவில் கமுகம்பூவால் துடைத்து அழித்துவிடுவார்கள். அழித்தால்தான் அவள் கோபம் தணிந்து ஊரை விட்டுப் போனாள் என்று அர்த்தம். உமது மார்க்கத்தில் உருவம் எழுதலாமா என்று பரீதைக் கேட்டேன். "எழுதறதுதான் கூடாதுங்கம்மா, சாயம் குடுக்கலாம். ஆனா என் தங்கச்சிக்கு முகம் வேணாம். அவ தண்ணி எடுத்த குடத்தை மட்டும் வரையச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உன் அப்பா இருந்த வரையில் அந்தச் சுவர் வருஷம் இரண்டு முறை வெள்ளை கண்ட சுவர். ஆனாலும் நடவை நினைத்துச் சம்மதித்தேன். கள் குடித்துவிட்டு யாரும் சுவரைத் தொடக்கூடாது, ஓரம் நேராக இருக்க வேண்டும், கதவில் சாயம் படக்கூடாது, இவ்வளவுதான் என் நிபந்தனை. அந்தக் கரையில் களம் எழுதுகிறவர் ராவுண்ணிக் குறுப்பு, வயதானவர், ஒல்லியாக இருப்பார். இரண்டு வாரத்தில் பாடி மாய்த்துவிடுகிறோம் (அழிப்பதை அவர்கள் மாய்ப்பது என்பார்கள்), சுவர் உங்களுக்குத் திரும்பி வரும் என்றார். நம் தெருக் கொத்தனார் சென்னியப்பன், உங்க பேரன் பேத்தி காலத்துக்கும் நிற்குமுங்க என்றார். இருவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. ஒருவர் படத்தைச் சொல்கிறார், மற்றவர் பூச்சைச் சொல்கிறார் என்று நினைத்து இரண்டுக்கும் தலையாட்டினேன். மறுநாள் பாலம் இருந்த இடத்தில் பாலம் இருந்தது. அதே மரங்கள். உருவினவர்கள்தான் திரும்பப் போட்டிருக்க வேண்டும், அதையும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சென்னியப்பன் பழைய பூச்சைக் கொத்திப் போட்டுவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டு இடித்த சுண்ணாம்பைச் சுவர் முழுவதும் இழைத்தார். குறுப்புக்கோ நிற்கிற சுவரில் பொடி எப்படி ஒட்டும் என்று கவலை. ஈரம் இருக்கும்போதே அப்புங்க, புடிச்சுக்கும் என்று சென்னியப்பன் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். பகவதியின் முகத்துக்கு மஞ்சள்பொடியை வைத்தாரோ இல்லையோ, சுண்ணாம்பில் பட்டு முகம் முழுவதும் ரத்தமாகச் சிவந்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஆனால் அந்த நிமிஷம் கையை உதறிக்கொண்டு மூன்றடி பின்னால் போய்விட்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பரீது தன் கடையிலிருந்து மஞ்சள்காவியும் துணிக்குப் போடும் நீலமும் கொண்டுவந்து வைத்தார். சிவந்த முகத்தை அப்படியே விட்டுவிட்டு மற்றதை அவற்றால் எழுதினார்கள்.

போனவர்களையும் எழுத வேண்டும் என்று யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. களத்தில் மனுஷர்களுக்கு இடமில்லை என்று குறுப்பு முதலில் மறுத்தார். பிறகு, அவள் கூட்டிக்கொண்டு போனவர்கள்தானே, அவளைச் சுற்றி நிற்கட்டும் என்று அவரே எழுத ஆரம்பித்தார். வயது வரிசையில் நிறுத்தலாமே என்று நான் யோசனை சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கரை அந்தக் கரை என்றும் பார்க்காமல் இடம் கிடைத்த இடத்தில் எழுதினார். கௌலத்துக்கு ஒரு செம்புக்குடம். வேலாத்தாளின் முகத்துக்கு மட்டும் அரை நாள் ஆயிற்று. ராமாத்தாள் பக்கத்தில் நின்றுகொண்டு, நெற்றி இன்னும் கொஞ்சம் மேடு, இடது காதுத்தண்டு கிழிஞ்சிருக்கும், சிரிச்சா ஒரு பக்கந்தான் சிரிப்பா என்று சொல்லச் சொல்ல, வைகாசியிலிருந்து இந்தத் தெருக்காரர் எவரோடும் ஒரு வார்த்தை பேசாத அந்த மனுஷர் அழித்து அழித்து எழுதினார். முடிவில் ராமாத்தாள், "இவதானுங்க" என்றாள். கமலவேணி, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு ஜாடையும் தெரியவில்லை. குறுப்பு எழுதிய எல்லா முகமும் ஒரே முகம்தான், அதே உருண்டைக் கண், அதே புருவம். கான்வென்டில் எங்களுக்கு ஓவியம் சொல்லித் தந்த சிஸ்டர் பார்த்தால் பூஜ்யம் போட்டிருப்பார். ஆனால் பெற்றவள் இவள்தான் என்கிறாள், நான் யார் இல்லை என்பதற்கு. அன்றிலிருந்து தினமும் வேலைக்குப் போகும் வழியில் அந்த முகத்துக்கு நேரே நின்றுவிட்டுத்தான் போவாள். கும்பிடுவதில்லை, அழுவதுமில்லை, பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவள் மாதிரி ஒரு நிமிஷம், அவ்வளவுதான்.

நடுவில் குறுப்புக்குக் காய்ச்சல் வந்து மாய்ப்பது தள்ளிப் போயிற்று. எழுந்ததும் வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள். பகவதியை எழுதி உட்கார வைத்துவிட்டு அனுப்பாமல் இருந்தால் நோய் திரும்பும், அனுப்பும் வரை நடவுக்குப் பெண்கள் வரமாட்டார்கள் என்று அந்தக் கரையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். நாற்றோ முற்றிக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்ட ராமாத்தாள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அழிக்கப் போறாங்களாமே, சுவரு உங்களுதுதானுங்களே பெரியம்மா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க என்றாள். சொல்லலாம்தான். சொன்னால் அந்தக் கரை போய்விடும். சொல்லாவிட்டால் இவள் முகத்தை நான் தினமும் பார்க்க வேண்டும். நான் இரண்டு சாமியையும் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும், கான்வென்டில் சொன்னதையும் முழுதாக நம்பினவள் இல்லை, அதனாலேயே எந்தப் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை. பார்க்கலாம் போ என்று அனுப்பிவிட்டேன். 'பார்க்கலாம்' என்ற சொல்லை நான் எப்போதாவது சொல்லி நீ கேட்டிருக்கிறாயா?

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம் இரண்டு தெருவும் சுவருக்கு முன்னால் கூடியது. குறுப்பு உட்கார்ந்து பாடினார், நன்றாகத்தான் பாடினார். பாட்டு முடிந்து கமுகம்பூக் கொத்தை எடுத்துப் பகவதியின் காலிலிருந்து மேலே துடைத்தார். ஒன்றும் ஆகவில்லை. அழுத்தித் துடைத்தார். பூ உதிர்ந்ததே தவிரப் பொட்டுச் சாயம் வரவில்லை. தண்ணீர் தொட்டுத் துடைத்தார். கண் இன்னும் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம். கடுக்காய்ச் சுண்ணாம்பில் ஈரத்தோடு இறங்கிய சாயம் கல்லாக இறுகிவிட்டது. குறுப்பு நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நம் பக்கத்துக் கூட்டத்தில் எவனோ, கோழி றெக்கையால மலையக் கூட்டறாங்களாட்ட என்றான், நாலு பேர் சிரித்தார்கள். போதாதா? சதி பண்ணிட்டீங்க, எங்க தேவியச் சுண்ணாம்புல கட்டிப் போட்டுட்டீங்க என்று அந்தப் பக்கம் எழுந்துவிட்டது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு ஓடினார்கள். இரண்டு ஆண்கள் அதற்கும் முன்னால் ஓடியது மரத்தை உருவுவதற்கு என்று பார்த்தவுடன் தெரிந்தது. சென்னியப்பன் என்னிடம் வந்து, "நானென்னத்தக் கண்டனுங்க? சுவத்துக்குன்னாக் கடுக்கா உடாம யாராச்சும் பூசுவாங்களா?" என்று அழாத குறையாகக் கேட்டார். அவர் பேரில் என்ன தப்பு, அவர் தன் வேலையைச் செய்தார், குறுப்பு தன் வேலையைச் செய்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எதையாவது சொல்லியாக வேண்டும். வேறு வழி தோன்றாமல், சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவா, சுவர் முழுவதும் வெள்ளையடித்துவிடலாம் என்று சென்னியப்பனிடம் சொன்னேன். அது மாய்த்ததாகுமா என்று குறுப்பைக் கேட்டேன், ஆகும் என்று தலையசைத்தார். வாளி வந்தது. ராமாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். சத்தம் போடவில்லை. "ஒருக்காச் சுண்ணாம்பு கொட்டி மூடினது போதாதுங்களா பெரியம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பிறகு குறுப்பின் பக்கம் திரும்பி, "சாமி போகோணும்னாப் போகட்டுங்க, அதுக்குப் போறதுக்கு ஊடு இருக்குது. எம்புள்ளைக்கு எங்கீங்க ஊடு?" என்றாள்.

குறுப்பு தரையில் உதிர்ந்து கிடந்த பூவைக் கையால் ஓரமாக ஒதுக்கினார். அந்தச் சுவரில் இருக்கும் முகங்களில் பாதி அவர் தெருவாருடையவைதானே, ஓடின பெண்கள் பாலத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவர் மலையாளமும் தமிழும் கலந்து மெல்லத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "தேவியை எழுதினது முறை. அவளை மாய்ச்சாப் போதும் அம்மே. இந்த ஆளுகளை எழுதச் சொல்லி ஒரு முறையும் சொல்லல, அது நானா எழுதினது. அதுக்கு மாய்க்கற பாட்டும் எனக்குத் தெரியாது." இதைச் சொல்லிவிட்டுத் தானே வாளியில் மட்டையை முக்கி எடுத்தார். வாழ்நாளில் சுண்ணாம்பு மட்டையைத் தொடாதவர், முழங்கை வழியாக ஒழுக விட்டுக்கொண்டார். சென்னியப்பனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, ஒரே பக்கமா இழுங்க, குறுக்க அடிச்சாத் திட்டுத்திட்டா நிக்குமுங்க என்று அருகில் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கச் சொல்லிக் கொடுத்தார். பகவதி மட்டும் மறைந்தாள். சுற்றிலும் முகங்களும் ஒரு குடமும், நடுவில் ஒரு ஆள் உயரத்துக்கு வெறும் வெள்ளை. பாலத்தடிக்குப் போன ஆண்கள் மரத்தை உருவாமல் திரும்பி வந்தார்கள். அன்றைக்கு அவரவர் வீட்டுக்குப் போனோம்.

இதோடு முடிந்திருந்தால் நானும் உனக்குத் தெளிவாக எழுதியிருப்பேன். சனிக்கிழமை காலையில் சாரல் அடித்தது. குடையை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்க்கப் போனேன், சுண்ணாம்பு ஓடியிருக்குமோ என்று. ஓடவில்லை. ஆனால் ஒற்றைப் பூச்சுச் சுண்ணாம்பு நனைந்தால் கண்ணாடி மாதிரி ஆகும் என்பதை நாங்கள் யாருமே நினைக்கவில்லை. பகவதி தெரிகிறாள். மங்கலாக, பாலுக்கு அடியில் நிற்கிறவள் மாதிரி, அந்தச் சிவந்த முகம், அந்தக் கண், எல்லாம். ராமாத்தாளும் வந்துவிட்டாள். அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். இதை அந்தக் கரை பார்த்தால் சுவரையே இடிக்கச் சொல்வார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தென்னந்தட்டி ஒன்று கொண்டுவந்து சாத்தச் சொல்லலாம் என்று பொங்கியண்ணனைக் கூப்பிட்டேன், கேட்காத காதாகப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறேன். அதற்குள் பாலத்தின் மேல் அந்தக் கரைப் பெண்கள் வரிசையாக நடவுக்கு வந்துவிட்டார்கள்.

முன்னால் வந்தவள் குறுப்பின் தங்கை தேவு. சுவருக்கு நேரே வந்ததும் நின்றாள், பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எனக்குக் குடையைப் பிடித்த கை மரத்துப் போயிற்று. தேவு ராமாத்தாளிடம் திரும்பி, "இதில் உன் புள்ள எது?" என்று கேட்டாள். ராமாத்தாள் தொட்டுக் காட்டினாள். தேவு குனிந்து பார்த்துவிட்டு, "அய்யோ, என் பேரன்கிட்டயல்லே நிக்கிறா. ரெண்டும் அடி பிடி கூடாம நின்னா மதி, அதே போதும்" என்றாள். அதற்கு ராமாத்தாள், "என்ற புள்ளதான் மொதல்ல அடிப்பா, உங்க பேரன ஒதுங்கி நிக்கச் சொல்லுங்க" என்றாள். அந்தக் குழந்தை போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம்தான் சிரித்தாள். பிறகு எல்லோரும் சேலையை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார்கள். களை எடுக்கிறவள் ராமாத்தாள், நடவு அவள் வேலையே அல்ல, அவளும் தேவுவுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டாள். நாற்றை வளைத்து வளைத்து நட்டாள், நான் வரப்பில் நின்று பார்த்தும் திருத்தவில்லை.

இப்போது நீ சொல், இவர்கள் பகவதியைப் பார்த்தார்களா இல்லையா? அவர்கள் கண் என் கண்ணைவிட நல்ல கண். முந்தின நாள் நடுங்கினவர்கள் மறுநாள் அவளைத் தாண்டிக்கொண்டு நடவுக்குப் போகிறார்கள் என்றால், போய்விட்டாள் என்று நம்புகிறார்களா, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்களா? குறுப்பைக் கேட்கலாம் என்றால், அவர் சொல்லி நான் கேட்டு வைத்துக்கொள்வது சரியா என்றும் தெரியவில்லை. சென்னியப்பன் தினமும் காலையில் வாளியோடு வந்து, இன்னொரு பூச்சு அடிச்சரட்டுங்களா என்று கேட்கிறார். இன்னொரு பூச்சு அடித்தால் நனைந்தாலும் தெரியாது, வேலை முழுதாக முடியும். அரைகுறை வேலை எனக்கு ஆகாது என்று ஊருக்கே தெரியும். ஆனால் நானோ, ஈரம் காயட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புகிறேன். இன்றும் அப்படித்தான் அனுப்பினேன். மேற்கே பார்த்தால் இந்த மழை இப்போதைக்கு விடுகிற மழை இல்லை. சாரல் அடிக்கும்போது அவள் நடுவில் வந்து நிற்கிறாள், வெயில் எட்டிப் பார்த்தால் போய்விடுகிறாள், மற்றவர்கள் எல்லா நேரமும் நிற்கிறார்கள். நேற்று மழையில் குடத்துக்குப் பக்கத்தில் பரீது நின்றுகொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர் என்று கேட்டேன், ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்தாராம்.

இதை மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு, அவர் என்ன நினைக்கிறார் என்று எழுது, சிரித்தாரானால் அதை எழுத வேண்டாம். ஆடிப்பதினெட்டுக்குத் தாலிச்சரடு மாற்ற மறந்துவிடாதே, அங்கே நதி தூரம் என்றால் கிணற்றடியில் மாற்றிக்கொள், அதற்கும் பலன் உண்டு என்றுதான் சொல்கிறார்கள். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது காதில் விடாதே. உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் குறையாத தானியமும் நோயற்ற உடம்பும் உண்டாகட்டும் என்று யார் கேட்டுக்கொண்டிருந்தாலும் அவரிடம் வேண்டிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
சரஸ்வதியம்மாள்